கொங்கு நாட்டுச் சாலைகளில் வாகனச் சோதனை: அதிகாரம் வந்த வழி

சாலையில் போகும் வண்டியை நிறுத்துவது ஓர் அதிகாரம். ஓட்டுநரிடம் காகிதங்களைக் கேட்பது இன்னோர் அதிகாரம். டிக்கியைத் திறந்து, தார்ப்பாயை அவிழ்த்து உள்ளே தேடுவது மூன்றாவது. கிடைத்ததையோ வண்டியையோ எடுத்துக்கொள்வது நான்காவது. பொதுமக்கள் இவை எல்லாவற்றையும் "செக்கிங்" என்று ஒரே பேச்சில் சொல்லிவிடுகிறார்கள். சாலையில் நிற்கும் காவலர்களும் பெரும்பாலும் அப்படியே நினைக்கிறார்கள். சட்டம் அப்படி நினைப்பதில்லை. இந்த நான்கு அதிகாரங்களும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு சரக்கை மனத்தில் வைத்து, வெவ்வேறு துறைகளுக்குக் கொடுக்கப்பட்டவை. அவை ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த வரலாற்றைக் கோயம்புத்தூரிலும் அதைச் சுற்றிய கொங்கு மண்டலத்திலும் தெளிவாகப் பார்க்க முடியும். இந்திய உச்ச நீதிமன்றம் சோதனைச் சாவடியின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய முக்கியமான வழக்கு ஒன்று கோயம்புத்தூர்ச் சாவடி அதிகாரியின் பெயரிலேயே இருக்கிறது.

கொங்கு நாடு மலைகளுக்கு நடுவே கிடக்கும் மேட்டுநிலம். மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய். வடக்கே மைசூருக்கு ஏறும் திம்பம் மலைப்பாதை. கிழக்கே காவிரியின் துறைகள். சரக்கு இந்தச் சில வழிகளில்தான் வந்து போக முடியும் என்பதால், வரி கேட்பவருக்கும் காவல் நிற்பவருக்கும் இடம் தேட வேண்டிய வேலை இருக்கவில்லை. கோயம்புத்தூரை அடுத்த சுண்டக்காமுத்தூர்ப் பகுதியில் கிடைத்த இராசகேசரிப் பெருவழிக் கல்வெட்டு, சோழர் காலத்திலேயே இந்தக் கணவாய் வழி பெயரிட்டுப் பேணப்பட்டதற்குச் சான்று. வழியில் சுங்கம் வாங்குவது அதற்கும் பழைய வழக்கம். சங்க இலக்கியமான பெரும்பாணாற்றுப்படை சுங்கம் வாங்கும் பெருவழியையும் அதைக் காத்து நின்ற வில்வீரர்களையும் குறிப்பிடுகிறது. முதலாம் குலோத்துங்கன் சுங்கம் தவிர்த்த சோழன் என்று பெயர் பெற்றதிலிருந்தே, அந்த வரி மக்களுக்கு எவ்வளவு பாரமாக இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் கோயம்புத்தூர் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. நாட்டுக்குள்ளேயே சரக்கு நகரும்போது வாங்கப்பட்ட சாயர் என்னும் உள்நாட்டுச் சுங்கம் அதன் பிறகும் தொடர்ந்தது. மாட்டுவண்டியும் பொதிமாடும் சாவடி தோறும் நின்று மூட்டையைக் காட்டிப் பணம் கட்டிப் போக வேண்டியிருந்தது. சென்னை மாகாணத்தில் 1844ஆம் ஆண்டின் ஆறாம் சட்டம் இந்த உள்நாட்டுச் சுங்கத்தை ஒழித்தது. எஞ்சி நின்றவை உள்ளாட்சி அமைப்புகளின் சாலைச் சுங்கக் கேட்டுகள். மோட்டார் வண்டிகள் பெருகியதும் அவையும் சிக்கலாயின. 1931ஆம் ஆண்டின் சென்னை மோட்டார் வாகன வரிச் சட்டம் கேட்டில் வாங்கும் பணத்துக்கு மாற்றாக ஒரே வரியைக் கொண்டுவந்தது. ஆக, 1930களின் தொடக்கத்தில் கொங்குச் சாலைகளில் வண்டிகளை நிறுத்தும் காரணங்கள் குறைந்துகொண்டு வந்தன. அந்தப் போக்கு ஆறே ஆண்டுகளில் திரும்பிவிட்டது.

போலீசின் சோதனை அதிகாரம் வேறு வழியில் வளர்ந்தது. வரி வசூலிப்பவரே காவல் அதிகாரியாகவும் இருந்த கம்பெனி ஆட்சியில் நடந்த கொடுமைகளை 1855ஆம் ஆண்டின் சென்னைச் சித்திரவதை விசாரணைக் குழு வெளிக்கொண்டு வந்தது. அதன் பின் 1859இல் சென்னை மாகாணப் போலீஸ் சட்டம் பிறந்தது. காவலும் வசூலும் பிரிந்தன. குற்றவியல் நடைமுறைச் சட்டம் போலீஸ் சோதனைக்கு இரண்டு கட்டுகளைப் போட்டது. பொதுவாக மாஜிஸ்திரேட்டின் வாரண்ட் வேண்டும். வாரண்ட் இல்லாமல் தேட வேண்டிய அவசரம் என்றால், ஏற்கெனவே விசாரிக்கும் குற்றம் ஒன்று இருக்க வேண்டும், அந்த இடத்தில் அதற்கான பொருள் கிடைக்கும் என்று நம்ப நியாயமான காரணம் இருக்க வேண்டும், அந்தக் காரணத்தை அதிகாரி எழுதி வைக்க வேண்டும். 1898ஆம் ஆண்டுச் சட்டத்தின் 165ஆம் பிரிவு இதைச் சொன்னது. அதே எண்ணில் அதே விதி 1973ஆம் ஆண்டுச் சட்டத்திலும் வந்தது. வாகனத்தையும் கூடாரத்தையும் படகையும் சேர்த்தே "இடம்" என்று 1973ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்ததால், வீட்டைத் தேடுவதற்கான இந்தக் கட்டு காருக்கும் லாரிக்கும் பொருந்தியது.

இந்தக் கட்டுக்கு வெளியே சாலைச் சோதனையைக் கொண்டுவந்தது மதுவிலக்கு. ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது 1937ஆம் ஆண்டின் சென்னை மதுவிலக்குச் சட்டம் இயற்றப்பட்டு, அக்டோபர் 1 அன்று முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில் அமலுக்கு வந்தது. அன்றைய சேலம் மாவட்டத்தின் மேற்கு எல்லை காவிரி. இக்கரையில் பள்ளிபாளையம் சேலம் மாவட்டம். அக்கரையில் ஈரோடு அன்றைய கோயம்புத்தூர் மாவட்டம். ஒரு கரையில் கள்ளும் சாராயமும் குற்றம், பாலத்தைத் தாண்டினால் அரசு உரிமம் பெற்ற கடை. கள்ளுக்கடை மறியலால் 1921இல் நாடெங்கும் பேசப்பட்ட ஈரோட்டுக்கு இப்படி ஒரு நிலை வாய்த்தது. சரக்கு ஆற்றைக் கடப்பதைத் தடுக்க வேண்டுமென்றால் வண்டியை வழியில் நிறுத்திப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. வாரண்ட் வாங்கி வருவதற்குள் குற்றவாளி தப்பிவிடுவான் அல்லது சாட்சியத்தை மறைத்துவிடுவான் என்று நம்பக் காரணம் இருந்தால், அந்தக் காரணத்தைப் பதிவு செய்துவிட்டு வாரண்ட் இன்றிச் சோதனையிட மதுவிலக்குச் சட்டம் அதிகாரம் தந்தது. மது ஏற்றிய வண்டியையும் பறிமுதல் செய்ய வழி செய்தது. 1948க்குள் மதுவிலக்கு மாகாணம் முழுவதற்கும் விரிந்தபோது கோயம்புத்தூர்ச் சாலைகளும் இந்த அதிகாரத்தின் கீழ் வந்தன.

அமெரிக்காவிலும் இதே காரணம்தான் இதே இடத்துக்குக் கொண்டுபோய் விட்டது. அங்கே மதுவிலக்கு நடந்த காலத்தில் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு காரை வழிமறித்து, இருக்கையைக் கிழித்து மதுப் புட்டிகளை எடுத்தார்கள். 1925இல் கேரோல் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், வீடு நகராது, கார் நகர்ந்துவிடும், ஆகவே வாரண்ட் இல்லாமல் காரைத் தேடலாம் என்றது. ஆனால் உள்ளே குற்றப்பொருள் இருக்கிறது என நம்பத் தக்க காரணம் முன்கூட்டியே இருந்தாக வேண்டும் என்றும் சொன்னது. அமெரிக்க அரசியலமைப்பின் நான்காம் திருத்தம் நியாயமற்ற சோதனையைத் தடை செய்வதால் நீதிமன்றத்துக்குப் பிடிமானம் இருந்தது. இந்திய அரசியலமைப்பில் அப்படியொரு வாசகம் இல்லை. 1954இல் எம்.பி. சர்மா வழக்கில் எட்டு நீதிபதிகள் கொண்ட அமர்வு, அதை நம் அரசியலமைப்புக்குள் புகுத்திப் படிக்க முடியாது என்று கூறியது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அறிவிக்கும்வரை, இந்தியாவில் சாலைச் சோதனையை எதிர்த்தவர்கள் பெரும்பாலும் அந்தந்தச் சட்டத்தின் வாசகத்தை மட்டுமே நம்பி வாதாட வேண்டியிருந்தது. ஆனாலும் சில வழக்குகளில் வென்றார்கள்.

மதுவிலக்கின் இன்னொரு பின்விளைவு இன்னும் நீண்ட காலம் நின்றது. கள், சாராயக் குத்தகையில் வந்த வருமானம் போனதை ஈடுகட்ட ராஜாஜி அரசு 1939இல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தது. 1959இல் அதற்குப் பதிலாக விரிவான சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. இதற்கிடையே, 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. அதுவரை பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. கொள்ளேகால் கோயம்புத்தூர் மாவட்டத்திலேயே இருந்தது. கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்த சித்தூர்ப் பக்கம் தவிர மேற்கே பெரிய எல்லையே கிடையாது. ஒரே நாளில் வாளையாறு மாநில எல்லையானது, கொள்ளேகால் மைசூருக்குப் போனது. பழைய சாவடிப் பெயரைத் தாங்கிய க.க. சாவடியில் மறுபடியும் லாரிகள் வரிசை கட்டி நின்றன. கோபாலபுரம், வேலந்தாவளம், ஆனைகட்டி ஆகிய சிறு வழிகளிலும் அதே கதைதான்.

1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் 42ஆம் பிரிவு சோதனைச் சாவடி பற்றியது. அரசு சாவடி அமைக்கலாம். ஓட்டுநர் வண்டியை நிறுத்தி ஆவணங்களைக் காட்ட வேண்டும், சரக்கைப் பார்வையிட விட வேண்டும். இவை முதலிரண்டு உட்பிரிவுகள். மூன்றாவது உட்பிரிவு இதைத் தாண்டிப் போனது. பில் அல்லது டெலிவரி நோட், ட்ரிப் ஷீட் முதலிய காகிதங்கள் இல்லாத சரக்கை அதிகாரி கைப்பற்றி, பறிமுதலும் செய்யலாம். பறிமுதலுக்குப் பதில் அபராதம் கட்ட ஒரு வாய்ப்புத் தர வேண்டும். சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் எனக் கொங்கின் கிழக்குப் பகுதி லாரித் தொழிலில் வளர்ந்துவந்த காலம் அது. ஒரு காகிதம் விட்டுப்போனால் முழுச் சுமையும் போய்விடும் என்ற பயத்தோடு ஓட்டுநரும் கிளீனரும் சாவடியில் நின்றார்கள்.

இந்தப் பிரிவுக்கு எதிராக நடந்ததுதான் "சோதனைச் சாவடி அதிகாரி, கோயம்புத்தூர் எதிர் கே.பி. அப்துல்லா அண்டு பிரதர்ஸ்" என்னும் வழக்கு. அதிகாரியின் மேல்முறையீட்டில் 1970இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விற்பனைக்கு வரி போடும் அதிகாரம் மாநிலத்துக்கு உண்டு. வரி ஏய்ப்பைத் தடுக்கச் சாவடி வைப்பதும், வண்டியை நிறுத்தி ஆவணம் பார்ப்பதும் அந்த அதிகாரத்துக்குத் துணையானவை. ஆகவே முதலிரண்டு உட்பிரிவுகள் நிற்கும். ஆனால் மூன்றாவது உட்பிரிவு, சாவடிக்கு வந்த சரக்கெல்லாம் மாநிலத்துக்குள் விற்கப்பட்டு வரி கட்ட வேண்டியவை என்று தானாகவே எடுத்துக்கொள்கிறது. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வண்டியில் இருப்பது விற்ற சரக்காகத்தான் இருக்கும் என்று எப்படி ஊகிக்க முடியும்? விற்பனை நடந்ததா என்பதே தெரியாத நிலையில் சரக்கைப் பறிமுதல் செய்வது விற்பனை வரி விதிக்கும் அதிகாரத்தில் அடங்காது. 42(3) செல்லாது என்று நீதிமன்றம் முடிவு செய்தது.

இந்தத் தீர்ப்பு வரிச் சட்டக்காரர்களின் வட்டத்துக்கு வெளியே பேசப்படாதது வருத்தத்துக்கு உரியது. நிறுத்துவதும் பார்ப்பதும் செல்லும், எடுத்துக்கொள்வது செல்லாது என்று அதிகாரங்களைப் பிரித்துப் பார்க்கும் முறையை அது நாட்டுக்குக் கற்றுக் கொடுத்தது. அதற்கு மூன்று ஆண்டு முன்னால், 1967இல், ஜாவர் வழக்கில் அதே சட்டத்தின் 41ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் ஆராய்ந்திருந்தது. அந்தத் தீர்ப்பில் சோதனை அதிகாரம் செல்லும் என்றாலும், காரணத்தைப் பதிவு செய்வது உள்ளிட்ட குற்றவியல் நடைமுறைக் காப்புகள் அதற்கும் பொருந்தும் என்று சொல்லி, பறிமுதல் அதிகாரம் தந்த 41(4)ஐ ரத்து செய்தது. பின்னாளில் மாநிலங்கள் தங்கள் சட்டங்களை மாற்றிக்கொண்டன. ராஜஸ்தான் அரசு எதிர் டி.பி. மெட்டல்ஸ் வழக்கில் 2001இல், ஆவணம் இல்லாமல் சரக்கு கொண்டுபோனால் அபராதம் விதிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. அப்துல்லா தீர்ப்பு அங்கே வேறுபடுத்திக் காட்டப்பட்டதே தவிர மாற்றப்படவில்லை.

விற்பனை வரி தவிர வேறு சரக்குகளுக்கும் தனித்தனிக் கண்கள் இருந்தன. பவானி, கோபி, பல்லடம், தாராபுரம் வட்டாரப் புகையிலைக்கு 1943இல் மத்திய தீர்வை வந்தது. 1979இல் இலைப் புகையிலைத் தீர்வை நீங்கும்வரை விவசாயி பெர்மிட் இல்லாமல் அதை வண்டியில் ஏற்ற முடியாதிருந்தது. சத்தியமங்கலம் காட்டின் சந்தனக்கட்டைக்கு 1967ஆம் ஆண்டின் போக்குவரத்து விதிகளும், மற்ற மரங்களுக்கு 1968ஆம் ஆண்டு விதிகளும் வந்தன. பண்ணாரியிலும் ஆசனூரிலும் வனத்துறைச் சாவடிகள் நின்றன. சந்தனக் கடத்தல்காரர் வீரப்பனைத் தேடி அதிரடிப்படை வேட்டை நடத்திய ஆண்டுகளில் அந்த மலைப்பாதையில் போன பேருந்துப் பயணிகளும் மலைவாழ் மக்களும் பட்ட சோதனைக்கு மரப் போக்குவரத்து விதிகளில் இடமே இல்லை. அதிரடிப்படையின் கெடுபிடி பற்றி ஆராய 1999இல் தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா குழுவை நியமிக்க நேர்ந்தது. அரிசிக்கு 1955ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொருள்கள் சட்டம் இருக்கிறது. அதில் 1966இல் சேர்ந்த 6ஏ பிரிவின்படி, கேரளத்துக்குக் கடத்தப்படும் ரேஷன் அரிசியையும் ஏற்றிய வண்டியையும் மாவட்ட ஆட்சியர் பறிமுதல் செய்யலாம். ஆனால் அதற்குமுன் உரிமையாளருக்கு நோட்டீஸ் தந்து விளக்கம் கேட்க வேண்டும்.

1998 பிப்ரவரி 14 அன்று கோயம்புத்தூரில் நடந்த தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் இறந்தார்கள். நகரின் வாகனச் சோதனைக்கு அதன்பின் வேறொரு முகம் வந்தது. அதுவரை சரக்கைத் தேடிய சாவடி இப்போது ஆளைத் தேடியது. கோட்டைமேடு, உக்கடம் பகுதிகளின் நுழைவில் இருந்த போலீஸ் சாவடிகளை அங்கு வாழ்ந்த முஸ்லிம் மக்கள் தங்கள் எல்லோர் மீதும் விழுந்த சந்தேகமாகவே உணர்ந்தார்கள். ஒரு வட்டாரத்தில் குடியிருப்பது அன்றைய 165ஆம் பிரிவு கேட்ட "நியாயமான காரணம்" ஆகாது. குண்டுவெடிப்பின் அச்சம் எவ்வளவு உண்மையானதோ அவ்வளவு உண்மையானது இந்தச் சட்ட வரம்பும்.

போதைப்பொருள் விஷயத்தில் சட்டம் விரிவாகவே பேசுகிறது. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 49ஆம் பிரிவு, சந்தேகிக்கக் காரணம் இருந்தால் வண்டியை நிறுத்தி முழுவதும் துழாவித் தேடலாம் என்கிறது. தகவல் வந்திருந்தால் அதை எழுதி, 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும் என்கிறது 42ஆம் பிரிவு. பொது இடத்தில் பிடித்தால் 43ஆம் பிரிவின்படி இந்தக் கட்டு தளர்கிறது. அப்படியானால் சாலையில் நிற்கும் சொந்தக் கார் பொது இடமா? இல்லை என்று 2021இல் பூட்டா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 42ஆம் பிரிவைக் கடைப்பிடிக்காததால் தண்டனை ரத்தானது. ஆளின் உடலைத் தேடும்போதுதான், கெசட் பதிவு பெற்ற அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன் தேடப்படும் உரிமை உண்டு என்று 50ஆம் பிரிவின்படி சொல்ல வேண்டும். கைப்பைக்கும் வண்டிக்கும் அது பொருந்தாது என்பது 2005ஆம் ஆண்டின் பவன்குமார் தீர்ப்பு. மற்ற வழக்குகளில் முறைதவறிய சோதனையால் கிடைத்த சாட்சியம்கூட அந்த ஒரே காரணத்துக்காகத் தள்ளப்படாது. 1973இல் பூரன்மல் வழக்கில் வகுக்கப்பட்ட அந்த விதிதான் இன்றும் சோதனைக்கு உட்பட்டவரின் கையைக் கட்டிப்போடுகிறது.

2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்ததும் வணிகவரிச் சாவடிகள் மூடப்பட்டன. மேற்கு எல்லையில் அறுபது ஆண்டுகளாக நீண்டு கிடந்த லாரி வரிசை கலைந்தது. சாவடியின் இடத்தை 2018 ஏப்ரலில் இ-வே பில் பிடித்தது. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 68ஆம் பிரிவின்படி அதிகாரி எங்கு வேண்டுமானாலும் வண்டியை நிறுத்திப் பார்க்கலாம். ஆனால் அந்த மாநிலத்திலோ வேறு மாநிலத்திலோ வழியில் ஒரு முறை சரக்கைப் பிரித்துப் பார்த்தாகிவிட்டால், ஏய்ப்புப் பற்றிக் குறிப்பான தகவல் வந்தாலொழிய மறுபடி பிரிக்கக் கூடாது என்று விதி 138சி கூறுகிறது. அப்துல்லா வழக்கின் காலத்து லாரிக்காரர்களுக்குக் கிடைக்காத காப்பு இது.

தேர்தல் காலப் பறக்கும் படை இதற்கெல்லாம் அப்பாற்பட்ட தனி வகை. 50,000 ரூபாய்க்கு மேல் கணக்குக் காட்டாமல் ரொக்கம் கொண்டுபோனால் பிடிக்கிறார்கள். வங்கிக் கணக்கை விட ரொக்கத்தை நம்பி நடக்கும் ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச்சந்தைக்கும் பொள்ளாச்சிச் சந்தைக்கும் கேரளத்திலிருந்து வரும் வியாபாரிகள் ஒவ்வொரு தேர்தலிலும் சந்தைக்கு வரவே தயங்குகிறார்கள். இதன் அடிப்படை நாடாளுமன்றச் சட்டம் அன்று, தேர்தல் ஆணையத்தின் அறிவுறுத்தல்கள். இந்த அதிகாரத்தின் மிகப் பெரிய சோதனையும் கொங்கிலேயே நடந்தது. 2016 மே 14 அதிகாலை, வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்னர், திருப்பூர் மாவட்டம் பெருமாநல்லூர் அருகே மூன்று கன்டெய்னர் லாரிகளைப் பறக்கும் படை மடக்கியது. உள்ளே 570 கோடி ரூபாய். கோவையிலிருந்து விசாகப்பட்டினத்துக்குப் போகும் தங்கள் பணம் என்று பாரத ஸ்டேட் வங்கி உரிமை கோரி, பின்னர் பெற்றுக்கொண்டது.

அன்றாடப் போக்குவரத்துத் தணிக்கைக்கு வந்தால், போலீசுக்கு 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் தரும் அதிகாரம் காகிதத்தோடும் வண்டியோடும் முடிகிறது. 130ஆம் பிரிவின்படி சீருடையில் உள்ள காவலர் கேட்டால் ஓட்டுநர் உரிமத்தைக் காட்ட வேண்டும். 2018இலிருந்து மின்னணு வடிவில் காட்டினாலும் செல்லும். உரிமமோ பதிவோ பெர்மிட்டோ இல்லாமல் ஓடும் வண்டியை 207ஆம் பிரிவின்படி பிடித்து வைக்கலாம். டிக்கியைத் திறந்து தேடும் அதிகாரத்தை அந்தச் சட்டம் எங்கும் தரவில்லை. ஹெல்மெட் போடாததும் சீட் பெல்ட் கட்டாததும் வண்டிக்குள் தேடுவதற்குக் காரணமாகா. குறிப்பான குற்றச் சந்தேகம் இல்லாதபோது "டிக்கியைத் திறங்க" என்ற சொல் ஓட்டுநரின் சம்மதத்தை மட்டுமே நம்பி நிற்கிறது.

1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. பழைய 165ஆம் பிரிவு அதில் 185ஆம் பிரிவு. வாரண்ட் இல்லாத சோதனைக்கு எழுதிய காரணம் வேண்டும் என்பது மாறவில்லை. புதிதாக, சோதனையை, முடிந்தால் செல்போனிலேயே, ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும். எழுதிய பதிவின் நகலை 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். இந்தப் பிரிவின்படி வண்டி சோதனையிடப்பட்டால், உரிமையாளர் விண்ணப்பித்து அந்த நகலை மாஜிஸ்திரேட்டிடமிருந்து இலவசமாகப் பெறலாம்.